ஊஃபர் வாங்கும் முன்

1. மூன்றாவது பெட்டி

பாட்டுக் கேட்காத வீடு உண்டா? ஓணம் வந்தால் பாட்டு. ஆற்றுகால் பொங்கல் வந்தால் தெருவெல்லாம் பாட்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அலுப்புத் தீர ஒரு பாட்டு.

திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் 1943ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி தொடங்கியது. அப்போது அதை நடத்தியது திருவிதாங்கூர் அரசு. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. அந்தக் காலத்து ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். பிறகு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. அதற்கு ஸ்டீரியோ என்று பெயர்.

இப்போது பல வீடுகளில் மூன்றாவதாக ஒரு பெட்டி இருக்கிறது. கனமான பெட்டி. தரையில் வைக்கிற பெட்டி. அதன் பெயர் சப்வூஃபர். பேச்சில் ஊஃபர் என்கிறோம்.

ஊஃபர் வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். சிலருக்கு அது சீட்டு எடுத்த பணம். சிலருக்கு ஓண போனஸ். சிலர் தவணையில் வாங்குகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது? எப்படி இணைப்பது? இந்தப் பாடத்தில் படிப்போம்.

2. தொம் என்னும் ஓசை

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். வலது முகம் சிறியது. அது கணீரென்று ஒலிக்கும். இடது முகம் பெரியது. அதற்குத் தொப்பி என்று பெயர். கச்சேரி தொடங்கும் முன் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அது "தொம்" என்று ஆழமாக ஒலிக்கும். இந்த ஆழமான ஓசையைத்தான் பேஸ் என்கிறோம்.

ஓசை என்பது அதிர்வு. ஒரு பொருள் வேகமாக அதிர்ந்தால் கீச்சென்ற ஓசை வரும். மெதுவாக அதிர்ந்தால் தொம் என்ற ஓசை வரும். ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது கூடக் கூட மேல் எல்லை குறையும்.

மெதுவான அதிர்வுக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது. கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாடுகிறவர் குரல் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி சரியாகக் கேட்காது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஊஃபர். பெரிய வட்டத் தாள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசைகளைத் தருவதே இதன் முக்கிய வேலை.

ஸ்பீக்கர் இரண்டு வேண்டும். ஊஃபர் மட்டும் ஏன் ஒன்று போதும்? தொம் என்ற ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதனால் ஒன்றே போதும்.

3. மூன்றெழுத்தும் நான்கெழுத்தும்

சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படி நடக்கலாம்.

கடைக்காரர்: வாங்க அக்கா. இதைப் பாருங்க. 2000 வாட். விலை 4,500தான்.

அக்கா: அண்ணாச்சி, இது எந்த வாட்?

கடைக்காரர்: வாட்டுன்னா வாட்டுதான். பெட்டியிலேயே போட்டிருக்கே.

அக்கா: எண்ணுக்குப் பக்கத்துல நாலு எழுத்து இருக்கு. எனக்கு மூணு எழுத்து உள்ள எண் வேணும்.

கடைக்காரர்: அது உள்ளே புத்தகத்துல இருக்கும்.

அக்கா: புத்தகத்தை எடுங்க. சேர்ந்தே படிப்போம்.

கடைக்காரர்: இதோ இருக்கு. 30 வாட்.

அக்கா: 2000 எங்கே, 30 எங்கே!

கடைக்காரர்: அது கம்பெனிக்காரங்க அச்சடிக்கிறது அக்கா. நான் என்ன செய்ய?

அக்கா: அச்சடிச்சது நீங்க இல்லை. ஆனா 2000ன்னு சொல்லி விக்கிறது நீங்கதானே அண்ணாச்சி?

அக்கா கேட்டது சரியான கேள்வி. வாட் என்பது சக்தியின் அளவு. அதைப் பெட்டியில் இரண்டு விதமாக எழுதுவார்கள்.

ஒன்று, ஆர்.எம்.எஸ். மூன்று ஆங்கில எழுத்துகள். இது பெட்டி தொடர்ந்து தரக்கூடிய சக்தி.

மற்றொன்று, பி.எம்.பி.ஓ. நான்கு ஆங்கில எழுத்துகள். ஒரு கண நேரம் எவ்வளவு சக்தி வரக்கூடும் என்று காட்டும் எண் இது. இதை அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பெரிய எண்ணைப் போடலாம்.

மூன்றெழுத்து எண்ணைப் பாருங்கள். நான்கெழுத்து எண்ணை விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போதும் மூன்றெழுத்து எண்ணோடு மூன்றெழுத்து எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பெட்டியின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது நம் வீட்டு மின்சாரத்தின் அளவு. அதன் அருகே இன்னொரு எண் இருக்கும். உதாரணமாக, 60 வாட். பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அது. சில நிறுவனங்கள் அங்கே சராசரி அளவை எழுதும். அதனால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியே சுமார் 1000 வாட் எடுக்கும். 60 வாட் எடுக்கும் பெட்டி, தொடர்ந்து 2000 வாட் எப்படித் தரும்? குடத்தில் ஊற்றிய தண்ணீருக்கு மேல் குடத்திலிருந்து எடுக்க முடியுமா?

4. எந்த வகை? எந்த அளவு?

முதலில் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றுமே இல்லை என்றால், முழு செட்டாக வாங்கலாம். பெட்டியில் 2.1 என்று போட்டிருக்கும். 2 என்றால் இரண்டு ஸ்பீக்கர். 1 என்றால் ஒரு ஊஃபர். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் 2.1 போதும். 5.1 சினிமா பார்ப்பதற்கு ஏற்றது.

ஸ்டீரியோ ஏற்கெனவே இருந்தால், ஊஃபர் மட்டும் வாங்கினால் போதும். அதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். இதை ஆக்டிவ் என்பார்கள். இன்னொரு வகையில் ஆம்ப்ளிஃபயர் இருக்காது. அது பாசிவ். எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் மின்சார ஒயரும் பிளக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஆக்டிவ். வீட்டுக்கு இதுவே நல்லது. பாசிவ் வகைக்குத் தனியாக இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரில் அதையும் சேர்த்து மாட்டினால், பாரம் தாங்காமல் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

அடுத்தது அளவு. வட்டத் தாளின் அகலத்தை அங்குலத்தில் சொல்வார்கள். 6, 8, 10, 12 என்று வரும். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 8 அங்குலம் போதும். கூடம் பெரிதாக இருந்தால் 10 பார்க்கலாம். சின்ன அறையில் 12 அங்குலப் பெட்டி வைத்தால் பாட்டை விட ஜன்னல் கண்ணாடிச் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

5. கடையில் கேட்டுப் பாருங்கள்

கடையில் அவர்கள் போடும் பாட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதில் பேஸ் அதிகம் உள்ள பாட்டாகத்தான் போடுவார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டுகளைக் கைப்பேசியில் கொண்டு போங்கள். ஒன்றில் மிருதங்கமோ தவிலோ செண்டையோ இருக்கட்டும். இன்னொன்றில் குரல் மட்டும் முன்னால் இருக்கட்டும்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா? அல்லது எல்லாம் சேர்ந்து "பூம்ம்ம்" என்று இழுக்கிறதா? இழுத்தால் வேண்டாம்.

இரண்டு: குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதா? இருந்தால், ஊஃபர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் வேண்டாம்.

மூன்று: மெதுவாக வைத்தாலும் நன்றாக இருக்கிறதா? வீட்டில் பெரும்பாலும் மெதுவாகத்தான் கேட்போம்.

ஊஃபர் சாம்பாரில் உப்பு மாதிரி. சரியாக இருந்தால் அது இருப்பதே தெரியாது. இல்லாவிட்டால் உடனே தெரியும். கூடிப்போனால் வாயில் வைக்க முடியாது.

பெட்டியின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ரசீது வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கட்டும். பெட்டியில் ஒன்று எழுதி, உள்ளே வேறொன்று இருந்தால் முதலில் கடையில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஏமாற்றும் விளம்பரத்துக்கு எதிராகவும் நமக்கு உரிமை தருகிறது. ரசீது இல்லாமல் முறையிடுவது கடினம்.

6. இணைப்பது எப்படி?

வீட்டுக்குக் கொண்டு வந்தாகிவிட்டது. முதல் வேலை என்ன? ஆம்ப்ளிஃபயர், ஊஃபர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். எல்லா ஒயரையும் மாட்டி முடித்த பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும்.

இனி ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே உள்ள எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழிகள் உண்டு. உங்களுக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

முதல் வழி: "சப் அவுட்" என்று ஒரு வட்டத் துளை இருக்கலாம். இருந்தால் வேலை சுலபம். ஒரே ஒரு ஒயர் போதும். அந்தத் துளையிலிருந்து ஊஃபரின் உள்வழித் துளைக்கு மாட்டுங்கள். அதில் "லைன் இன்" அல்லது "எல்.எஃப்.இ." என்று எழுதியிருக்கும்.

இரண்டாம் வழி: "பிரீ அவுட்" என்று இரண்டு துளைகள் இருக்கலாம். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரட்டை ஒயரால் ஊஃபரின் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் மாட்டுங்கள். நிறத்துக்கு நிறம்.

மூன்றாம் வழி: இரண்டும் இல்லை. ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகள் மட்டும் இருக்கின்றன. அப்போது ஊஃபரில் "ஹை லெவல்" அல்லது "ஸ்பீக்கர் இன்" என்ற முனைகள் இருக்க வேண்டும். வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் இடது முனையிலிருந்து ஊஃபரின் இடது முனைக்கு ஒரு ஒயர். வலதுக்கு வலது. சிவப்புக்குச் சிவப்பு. கறுப்புக்குக் கறுப்பு. பழைய ஸ்பீக்கர் ஒயர்கள் அப்படியே இருக்கட்டும்.

கவனம்! ஸ்பீக்கர் முனையிலிருந்து வரும் ஒயரை ஊஃபரின் வட்டத் துளையில் செருகாதீர்கள். ஸ்பீக்கர் முனையில் வருவது பலமான மின்சாரம். வட்டத் துளை மெல்லிய மின்சாரத்துக்கானது. மாற்றிச் செருகினால் கருவி கெடும். ஒயரின் செம்பு இழைகள் ஒன்றோடு ஒன்று தொடாமல் முறுக்கி மாட்டுங்கள். தொட்டால் ஷார்ட் ஆகும்.

7. குமிழ்களைத் திருப்புவோம்

ஊஃபரின் பின்புறம் சில குமிழ்கள் இருக்கும்.

ஒன்று சத்தம். இதை முதலில் அடியில் வையுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு மெதுவாகக் கூட்டுங்கள். தொப்பி ஓசை பாட்டோடு சேர்ந்ததும் நிறுத்துங்கள்.

இன்னொன்று ஹெர்ட்ஸ் எழுதிய குமிழ். எந்த ஓசைக்குக் கீழே ஊஃபர் பாட வேண்டும் என்பதை இது சொல்லும். 80இல் வைத்துத் தொடங்குங்கள். உங்கள் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 100 அல்லது 120. அதற்கு மேல் போனால் ஆண் குரலும் ஊஃபரிலிருந்து வரத் தொடங்கும்.

மூன்றாவது ஒரு சிறு சுவிட்ச். 0, 180 என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரும் ஊஃபரும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளுகின்றனவா என்பதற்கு இது. ஒருவர் சுவிட்சை மாற்றட்டும். இன்னொருவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்து கேட்கட்டும். எதில் தொம் ஓசை நிறைவாகக் கேட்கிறதோ, அதுவே சரி.

8. எங்கே வைப்பது?

பத்மநாபசுவாமி கோயிலின் அருகே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரியில் அங்கே கச்சேரி நடக்கும். சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய கீர்த்தனைகளை ஒன்பது நாளும் பாடுவார்கள். அந்த மண்டபத்தின் கூரையில் மண்பானைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓசை நன்றாக இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். பாட்டைப் போலவே பாடும் இடமும் முக்கியம் என்பது அன்றே தெரிந்திருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். ஊஃபரை மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து ஓசையைக் கூட்டும். சில வீட்டில் அது நன்றாக இருக்கும். சில வீட்டில் "பூம்ம்ம்" என்று இழுக்கும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் ஊஃபரை வையுங்கள். பாட்டைப் போடுங்கள். அறையின் ஓரமாக நடந்து, குனிந்து கேளுங்கள். எந்த இடத்தில் அடி தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே ஊஃபரை வையுங்கள்.

தரையில் வைப்பதே நல்லது. அடியில் ரப்பர் கால் இருக்கட்டும். கண்ணாடி அலமாரியின் மேல் வேண்டாம். ஈரச் சுவரை ஒட்டி வேண்டாம். கடல் காற்று வரும் வீட்டில் ஒயர் முனைகளில் களிம்பு பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

9. உயிருக்கு முதலிடம்

பாட்டு நின்ற பிறகும் "உம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்கலாம். அது பெரும்பாலும் மின்சாரத்தின் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரையும் ஊஃபரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டிப் பாருங்கள். டி.வி. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் நிற்கிறது என்று தெரிந்தால் மின் பணியாளர் சரிசெய்வார்.

சிலர் இந்த இரைச்சலை நிறுத்த, மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிடுவார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது எர்த். மின்சாரம் கசிந்தால் உயிரைக் காப்பது அந்த முனைதான்.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், துலா மழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் அதிகம். வானம் இருண்டு வரும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு ஒயரைத் தொட வேண்டாம்.

10. சுவருக்கு அப்பால்

அடுத்த வீட்டில் பாட்டுப் போட்டால் நமக்குச் சொல் கேட்பதில்லை. தொம் தொம் மட்டும் கேட்கிறது. ஏன்? கீச்சென்ற ஓசையைச் சுவர் தடுத்துவிடும். ஆழமான ஓசை சுவரையே அதிரச் செய்து அப்பால் போகும்.

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. நம் வீட்டுப் பாட்டு, வீட்டு எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனால் இந்த அளவை அளக்கும் முறை ஆழமான ஓசையைக் குறைத்தே காட்டும். அதனால் விதிக்குள் இருந்தாலும் அடுத்த வீட்டுக்காரர் தூங்க முடியாமல் போகலாம்.

அங்கே காய்ச்சலில் ஒருவர் படுத்திருக்கலாம். பரீட்சைக்குப் பிள்ளை படிக்கலாம். இரவுப் பணி முடிந்து ஒருவர் பகலில் தூங்கலாம். ஊஃபர் மாட்டிய அன்றே அடுத்த வீட்டில் போய்க் கேளுங்கள். "சத்தம் வருதா? எவ்வளவு குறைக்கணும்?" என்று கேட்டுக் குமிழில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரவானால் அந்தக் கோட்டுக்குக் கீழே வையுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

நினைவில் வைப்போம்

மூன்றெழுத்து வாட்டைப் பார்த்து வாங்குவோம்.
நமக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்போம்.
ரசீது இல்லாமல் கடையை விட்டு வர மாட்டோம்.
பிளக்கைக் கழற்றிவிட்டு இணைப்போம்.
எர்த் முனையை ஒடிக்க மாட்டோம்.

கணக்குப் போடுவோம்

1. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 60 வாட் எடுக்கும் செட் தினமும் 3 மணி நேரம் ஓடுகிறது. 30 நாளில் எத்தனை யூனிட்?
(60 × 3 × 30 = 5400. அதை 1000ஆல் வகுத்தால் 5.4 யூனிட்.)

2. ஒரு செட்டின் விலை 12,000 ரூபாய். தவணையில் மாதம் 1,200 ரூபாய் வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். மொத்தம் எவ்வளவு கட்டுவோம்? எவ்வளவு கூடுதல்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் உள்ள ரேடியோ, டி.வி., மிக்சி ஆகியவற்றின் பின்புறச் சீட்டைப் படியுங்கள். எது அதிக வாட் எடுக்கிறது?

2. பெட்டியில் பெரிய எண்ணைப் போட்டு விற்கும் வேறு பொருள்கள் உண்டா? எவை?

3. உங்கள் தெருவில் இரவு 10 மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கேட்கிறதா? சண்டை இல்லாமல் அதை எப்படிப் பேசித் தீர்க்கலாம்?